டெர்ரேரியாவில் பொருளின் பெயருக்கு நிறம் வருவது எப்படி: அரிதுநிலைகள் பற்றி ஒரு விரிவான பதில்

கேட்கப்பட்ட கேள்வி இதுதான். டெர்ரேரியா விளையாட்டில் ‘நைட்ஸ் எட்ஜ்’ வாளை உருவாக்கியபோது அதன் பெயர் ஆரஞ்சு நிறத்தில் தெரிந்தது. மற்ற விளையாட்டுகளில் ஆரஞ்சுதான் உச்சம் என்பதால், இனி இதைவிட மேலான வாள் இல்லை என்று கேட்டவர் நினைத்திருக்கிறார். பிறகு கோப்ளின் டிங்கரர் என்ற பாத்திரத்திடம் காசு கொடுத்து அதே வாளை ரீஃபோர்ஜ் செய்ததும் (அதன் அடைமொழியை மாற்றியதும்) பெயர் ரோஸ் நிறத்துக்கு மாறிவிட்டது. பெயரின் நிறம் காட்டும் அரிதுநிலை என்பது பொருள் கிடைக்கும் வாய்ப்பைச் சொல்கிறதா, அதன் வலிமையைச் சொல்கிறதா, எந்த நிறம் எதற்கு மேலே நிற்கிறது என்பதே அவருடைய சந்தேகம்.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். டெர்ரேரியாவில் ஒவ்வொரு பொருளுக்கும் அதை உருவாக்கியவர்கள் கையால் எழுதிவைத்த ஓர் எண் உண்டு. அந்த எண், பயணத்தின் எந்தக் கட்டத்தில் அந்தப் பொருள் உங்கள் கைக்கு வர வேண்டும் என்பதை ஏறத்தாழச் சுட்டுகிறது. பெயரின் நிறம் அந்த எண்ணின் வெளித்தோற்றம் மட்டுமே. ஓர் எதிரியைக் கொன்றால் ஒரு பொருள் விழுவதற்கான வாய்ப்பு வேறு இடத்தில், வேறு கணக்காக எழுதப்பட்டிருக்கிறது. ஆயுதத்தின் சேதமும் பொருளின் விலையும் அப்படியே தனித்தனி எண்கள். இந்த நான்கும் பல சமயங்களில் ஒன்றாக உயர்வதால் ஒன்றே என்று தோன்றுகிறது. அவை பிரியும் இடங்களில்தான் குழப்பம் தொடங்குகிறது.

இந்தக் குழப்பத்துக்கு விளையாடுபவரைக் குறை சொல்ல முடியாது, ஏனெனில் நம் கண்ணைப் பழக்கியவை வேறு விளையாட்டுகள். 2000-இல் வந்த டயாப்லோ 2-இல் நீலப் பெயர் கொண்ட மாயப் பொருளுக்கு அதிகபட்சம் இரண்டு கூடுதல் பண்புகளும், மஞ்சள் பெயர் கொண்ட அரிய பொருளுக்கு ஆறு வரையும் கிடைக்கும். அங்கே நிறமே பொருளின் உள்ளமைப்பைத் தீர்மானிக்கிறது. 2004-இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், சாம்பல், வெள்ளை, பச்சை, நீலம், ஊதா, ஆரஞ்சு என்ற வரிசையை உலகம் முழுவதும் மனப்பாடம் ஆக்கிவிட்டது. அதற்குப் பின் வந்த எத்தனையோ விளையாட்டுகள் அதையே எடுத்துக்கொண்டன. டெர்ரேரியா எடுத்துக்கொள்ளவில்லை. இங்கே நீலம் பச்சைக்குக் கீழே இருக்கிறது. ஆரஞ்சு, வெள்ளைக்கு மேலே மூன்றாவது படியில், ஏணியின் கீழ்ப்பாதியிலேயே நின்றுவிடுகிறது. வார்கிராஃப்ட் வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு டெர்ரேரியாவுக்குள் நுழைபவர் ஏறக்குறைய எல்லா இடத்திலும் தவறாகவே படிப்பார்.

ஆரஞ்சு ஏன் இவ்வளவு கீழே இருக்கிறது என்பதற்கு விளையாட்டின் வரலாற்றைப் பார்த்தால் விடை கிடைக்கும். 2011 மே 16 அன்று டெர்ரேரியா வெளியானபோது, பாதாளத்தில் தோண்டியெடுக்கும் ஹெல்ஸ்டோனும் அதிலிருந்து செய்யும் மோல்டன் கவசமும் நைட்ஸ் எட்ஜும்தான் ஒருவர் எட்டக்கூடிய உச்சம். அந்தக் காலத்தில் ஆரஞ்சைப் பார்த்துப் பெருமைப்பட்டவர்களுக்கு அதற்கான நியாயம் இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த 1.1 பதிப்பு, வால் ஆஃப் ஃபிளெஷ் என்ற பாஸையும் (பெரிய எதிரியையும்), அதை வீழ்த்திய பின் உலகமே கடினமாகும் ஹார்ட்மோடையும் கொண்டுவந்தது. 2013-இன் 1.2 பதிப்பு பிளான்டெரா, கோலெம் என்ற பாஸ்களையும் குளோரோஃபைட் தாதுவையும் சேர்த்தது. 2015-இன் 1.3 பதிப்பு மூன் லார்ட் என்ற இறுதி பாஸைக் கொண்டுவந்தது. பழைய பொருள்களின் நிறத்தைக் கலைக்காமல், மாடிக்கு மேல் மாடி எழுப்புவது போல் புதிய படிகளை மேலே மேலே கட்டிக்கொண்டே போனார்கள். அதனால்தான் நிறங்களின் வரிசையில் எந்தத் தர்க்கமும் தென்படுவதில்லை. அது யாரோ உட்கார்ந்து ஒரே நாளில் தீட்டிய திட்டமாகத் தெரியவில்லை.

இப்போது ஏணியைக் கீழிருந்து பார்ப்போம். கீழ்க்கோடியில் கழித்தல் ஒன்று என்ற எண்ணோடு சாம்பல் நிறம் இருக்கிறது. மீன்பிடிக்கும்போது தூண்டிலில் மாட்டும் பழைய செருப்பு, தகர டப்பா போன்ற குப்பைகள் இதில் அடங்கும். சுழியம் என்பது வெள்ளை. மரம், கல், டார்ச், செம்பு, இரும்பு என ஆட்டத்தின் தொடக்கத்தில் கையில் நிறையும் எல்லாமும், கட்டுமானத்துக்குப் பயன்படும் பெரும்பாலான பொருள்களும் இங்கேதான். ஒன்று நீலம், இரண்டு பச்சை, மூன்று ஆரஞ்சு. இந்த மூன்றும் ஹார்ட்மோடுக்கு முந்தைய உலகத்தைப் பங்குபோட்டுக்கொள்கின்றன.

நான்காம் படி வெளிர்சிவப்பு. ஹார்ட்மோடு தொடங்கியதும் பலிபீடங்களை உடைத்து வெளிக்கொணரும் கோபால்ட் முதல் அடமன்டைட் வரையிலான தாதுக்களின் ஆயுதங்களும் கவசங்களும் இதில் வருகின்றன. ஐந்து, ரோஸ், மூன்று இயந்திர பாஸ்களோடு தொடர்புடைய ஹாலோட் கவசம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆறாவதான வெளிர் ஊதாவில் பொருள்கள் அதிகமில்லை. அதைப் பற்றி நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதும் அதிகமில்லை. ஏழு, எலுமிச்சைப் பச்சை; குளோரோஃபைட் கவசமும், நினைத்த இடத்துக்குத் தாவவைக்கும் ராட் ஆஃப் டிஸ்கார்டும் இங்கே இருக்கின்றன. எட்டு, மஞ்சள், பிளான்டெராவுக்குப் பிந்தைய காலத்தின் நிறம் என்று இதைச் சொல்லலாம். டெர்ரா பிளேட் என்ற வாள் இந்தப் படியைச் சேர்ந்தது. ஒன்பது, சயான் எனப்படும் வான்நீலம். நான்கு விண்தூண்களை அழிக்கும்போது சிதறும் துண்டுகளும், விளையாட்டை உருவாக்கியவர்களின் பெயரில் உள்ள அலங்கார உடைகளும் இதில் அடங்கும். பத்து, சிவப்பு, அந்தத் துண்டுகளைக்கொண்டு செய்யும் பொருள்களும் மூன் லார்ட் தரும் ஆயுதங்களும் இந்த நிறத்தில் வரும். பதினொன்று, ஊதா. இந்தக் கடைசிப் படியைப் பெரும்பாலும் பிறவியிலேயே ஊதாவாக உள்ள பொருள்கள் நிரப்புவதில்லை. சிவப்பு நிறப் பொருளை ரீஃபோர்ஜ் செய்து உயர்த்தும்போதுதான் நாம் அதை வழக்கமாகக் காண்கிறோம்.

ஏணிக்கு வெளியே மூன்று நிறங்கள் தனியே நிற்கின்றன. மீன்பிடிச் சிறுவனான ஆங்லர் கேட்கும் தேடுபணி மீன்கள் அம்பர் நிறத்தில் வரும். எக்ஸ்பர்ட் என்ற கடினமான ஆட்டநிலையில் மட்டுமே கிடைக்கும் பொருள்களின் பெயர் வானவில் போல் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். அதைவிடக் கடினமான மாஸ்டர் நிலைக்கே உரிய பொருள்கள் தீச்சிவப்பாக ஒளிரும். இவற்றை ‘ஊதாவுக்கு மேலா, கீழா’ என்று கேட்பதில் பொருளில்லை. இவை உயரத்தைச் சொல்லாமல் வகையை மட்டும் சொல்கின்றன. உள்ளே இவற்றுக்குரிய எண்கள்கூட கழித்தல் பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்று ஏணியைத் தொடாத இடத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன.

கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். நிறம் கிடைக்கும் வாய்ப்பைச் சொல்வதில்லை என்பதற்கு வானவில் பொருள்களே முதல் சாட்சி. எக்ஸ்பர்ட் நிலையில் ஐ ஆஃப் கத்துலுவை வீழ்த்தினால் வரும் பொக்கிஷப் பையில் ‘ஷீல்ட் ஆஃப் கத்துலு’ தவறாமல் இருக்கும். கிங் ஸ்லைமின் பையில் ‘ராயல் ஜெல்’ தவறாமல் இருக்கும். திரையில் கண்ணைப் பறிக்கும் நிறம், ஆனால் கிடைக்கும் வாய்ப்போ நூற்றுக்கு நூறு. நேர்மாறாக, பாஸ்களின் முகமூடிகளையும் சுவரில் மாட்டும் வெற்றிச் சின்னங்களையும் பாருங்கள். முகமூடி ஏழில் ஒரு முறையும் சின்னம் பத்தில் ஒரு முறையும்தான் விழும். ஆனால் நிறம் நீலம். ஆட்டத்தின் இறுதிப் பகையான மூன் லார்டின் சின்னமும், நீங்கள் முதல் வாரத்தில் கொல்லும் பாஸின் சின்னமும் ஒரே நீலத்தில்தான் தொங்குகின்றன. அலங்காரப் பொருளுக்கு உயர்ந்த எண் தேவையில்லை என்று உருவாக்கியவர்கள் முடிவெடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு ஸ்லைம் ஸ்டாஃப் என்ற ஆயுதம். ஸ்லைம் எனப்படும் கூழ்போன்ற சாதாரண எதிரிகளிடமிருந்து அது விழும் வாய்ப்பு 10,000-இல் ஒன்று. எக்ஸ்பர்ட் நிலையில் 7,000-இல் ஒன்று. விளையாட்டிலேயே மிகக் கடினமாகக் கைக்கு வரும் பொருள்களுள் இதுவும் ஒன்று. ஆனால் அதன் பெயர் வெளிர்சிவப்பில், ஏணியின் நடுவில் இருக்கிறது. அதன் அடிப்படைச் சேதம் வெறும் 8. இதைத் தேடி இறங்குபவர்கள், ‘பத்தாயிரத்தில் ஒன்று என்றால் பத்தாயிரம் ஸ்லைம்களைக் கொன்றால் கிடைத்துவிடும்’ என்று கணக்குப் போடுவது வழக்கம். ஒவ்வொரு கொலையும் தனித்தனிக் குலுக்கல் என்பதால் அப்படி உறுதி எதுவும் கிடையாது. பத்தாயிரம் கொன்ற பிறகும் கிடைத்திருக்க வாய்ப்பு சுமார் 63 விழுக்காடுதான். பாதிக்குப் பாதி என்ற நிலையை எட்டவே ஏறத்தாழ 6,930 கொலைகள் வேண்டும். 90 விழுக்காட்டை எட்ட 23,000-க்கு மேல் வேண்டும். இதே பொருளைப் பிங்கி என்ற சிறிய ரோஸ் நிற ஸ்லைம் 100-இல் ஒரு வாய்ப்பில் தருகிறது; அங்கே 69 பிங்கிகளிலேயே பாதிக்குப் பாதி நிலை வந்துவிடும். பொருள் ஒன்றுதான், நிறமும் ஒன்றுதான். யாரிடமிருந்து வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து அரிதின் அளவு நூறு மடங்கு மாறுகிறது. அரிது என்பது பொருளிடம் இல்லாமல் பொருளுக்கும் அது வரும் வழிக்கும் இடையில் இருப்பதால், பொருளின் மேல் ஒட்டிய ஒரே நிறம் அதைச் சொல்லிவிட வழியே இல்லை. ராட் ஆஃப் டிஸ்கார்டுக்காக கேயாஸ் எலிமெண்டல் என்ற எதிரிகளை வேட்டையாடுபவர்களும் (சாதாரண நிலையில் 500-இல் ஒன்று, எக்ஸ்பர்டில் 400-இல் ஒன்று) இதே கணக்கைத்தான் கையாள வேண்டும்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, 2020-இல் 1.4 பதிப்பு கொண்டுவந்த அதிர்ஷ்டம் என்ற மறைவான அளவு. அது கழித்தல் 0.7 முதல் 1 வரை போகும். லக் போஷன், தோட்டக் குள்ளன் பொம்மை, விளக்குத் திருவிழா இரவு போன்றவை அதை உயர்த்தும். அதிர்ஷ்டம் முழுதாக 1 இருக்கும்போது, 10,000-இல் ஒன்று என்ற குலுக்கலுக்குப் பதிலாக 5,000-க்கும் 10,000-க்கும் இடையில் ஏதோ ஓர் எண்ணை எடுத்து அதில் ஒன்று என்று குலுக்கும். சராசரியாகப் பார்த்தால் வாய்ப்பு ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாக உயர்கிறது; இரட்டிப்பாவதில்லை. அதிர்ஷ்டம் எதிர்மறையானால் இதே கணக்கு மறுபக்கம் சாய்ந்து, 10,000-க்கும் 20,000-க்கும் இடைப்பட்ட எண்ணில் குலுக்கும். இவ்வளவு நடந்தாலும் பெயரின் நிறத்தை அதிர்ஷ்டம் தொடுவதே இல்லை.

வலிமை பற்றி நீண்டு பேசத் தேவையில்லை. மேல்படி ஆயுதங்கள் பொதுவாக வலிமையானவை. ஆனால் அதற்குக் காரணம், பிந்தைய கட்டத்துக்கு வலிமையான ஆயுதம் தேவைப்படுவதும், பிந்தைய கட்டத்துக்கு உயர்ந்த எண் கொடுக்கப்படுவதும்தான். ஒரே நிறத்தில் உள்ள இரண்டு வாள்களுக்கு இடையே பெரிய வித்தியாசம் இருக்கலாம். ஜெனித் என்ற வாள் சிவப்பு. மியாவ்மியர், ஸ்டார் ராத் ஆகிய வாள்களும் சிவப்பு. பின்னவை இரண்டும் ஜெனித்தைச் செய்யத் தேவைப்படும் பத்து வாள்களில் அடக்கம் என்பதைக் கவனியுங்கள். அந்தப் பத்தில் டெர்ரா பிளேடும் உண்டு. புதிதாகத் தொடங்குபவருக்கு வழக்கமாக முதல் நொடியில் கொடுக்கப்படும் வெள்ளை நிறச் செம்புக் குறுவாளும் உண்டு. சேர்மானங்களின் நிறங்களைக் கூட்டி, கழித்து, சராசரி எடுத்து விளைபொருளின் நிறத்தை விளையாட்டு கணக்கிடுவதில்லை; அதுவும் தனியே எழுதப்பட்ட எண்தான்.

அடுத்தது, கேட்டவரை அதிகம் குழப்பிய ரீஃபோர்ஜ். ஆயுதங்களுக்கும் அணிகலன்களுக்கும் பெயருக்கு முன்னால் ‘லெஜண்டரி’, ‘கீன்’, ‘ப்ரோக்கன்’ என ஓர் அடைமொழி வந்து அமரும். அந்த அடைமொழி சேதம், வேகம், அளவு, தள்ளும் விசை, மானா (மந்திர ஆற்றல்) செலவு, கிரிட்டிக்கல் (கூடுதல் சேதம் தரும் அடி) வாய்ப்பு ஆகியவற்றை எவ்வளவு மாற்றுகிறது என்பதை விளையாட்டு ஒன்றோடொன்று பெருக்கி ஒரே எண்ணாக ஆக்குகிறது. அந்தப் பெருக்குத்தொகை 1.2 அல்லது அதற்கு மேல் இருந்தால் அரிதுநிலை இரண்டு படி ஏறும், 1.05 முதல் 1.2-க்குள் இருந்தால் ஒரு படி ஏறும், 0.95 அல்லது அதற்குக் கீழே போனால் ஒரு படி இறங்கும், 0.8 அல்லது அதற்கும் கீழே போனால் இரண்டு படி இறங்கும். எவ்வளவு இறங்கினாலும் சாம்பலைத் தாண்டிக் கீழே போகாது. எவ்வளவு ஏறினாலும் ஊதாவைத் தாண்டாது.

லெஜண்டரியை வைத்தே கணக்குப் போட்டுப் பார்ப்போம். அது சேதத்தை 15 விழுக்காடும், வேகத்தை 10, அளவை 10, தள்ளும் விசையை 15 விழுக்காடும் உயர்த்துகிறது. கிரிட்டிக்கல் வாய்ப்பில் 5 புள்ளிகள் சேர்க்கிறது. கிரிட்டிக்கலின் ஒவ்வொரு புள்ளியும் இந்தக் கணக்கில் 2 விழுக்காடாக எடுத்துக்கொள்ளப்படுவதால், 5 புள்ளிகள் 1.1 ஆகின்றன. 1.15, 1.1, 1.1, 1.15, 1.1 ஆகிய ஐந்தையும் பெருக்கினால் 1.76 வருகிறது. அது 1.2-ஐத் தாண்டுவதால் இரண்டு படி ஏற்றம்: மூன்றாம் படியில் இருந்த ஆரஞ்சு நைட்ஸ் எட்ஜ் ஐந்தாம் படியான ரோஸுக்குப் போகும்; எட்டில் இருந்த மஞ்சள் டெர்ரா பிளேட் பத்தான சிவப்பாகும்; பத்தில் இருந்த ஜெனித் பன்னிரண்டுக்குப் போக வேண்டியது, கூரை பதினொன்றில் இருப்பதால் ஊதாவோடு நின்றுவிடும். கேட்டவரின் வாள் ரோஸ் ஆனது இப்படித்தான். அந்த வாள் ஹார்ட்மோடின் இயந்திர பாஸ்களை எதிர்கொள்ளும் ஆயுதமாக மாறிவிடவில்லை. தன் கட்டத்துக்கு நல்ல அடைமொழியைப் பெற்றிருக்கிறது, அவ்வளவே.

விலையும் இதே பெருக்குத்தொகையிலிருந்துதான் மாறுகிறது, ஆனால் அதன் வர்க்கத்தால். 1.76-இன் வர்க்கம் ஏறத்தாழ 3.1; அதாவது லெஜண்டரி ஏறிய வாளின் மதிப்பு மூன்று மடங்குக்கும் மேல். ரீஃபோர்ஜ் கட்டணம் பொருளின் அப்போதைய மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு என்பதால், நல்ல அடைமொழி வந்த பொருளை இன்னும் நல்லதற்காகத் திரும்பக் கொடுக்கும்போது கட்டணம் திடீரென்று எகிறுவதற்கும் இதுவே காரணம். டிங்கரர் ஏமாற்றுகிறார் என்று சந்தேகப்படுபவர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம். அவர் தாம் வாழும் இடமும் அண்டை வீட்டாரும் பிடித்துப்போனால் விலையைக் குறைக்கவும் செய்வார்.

இங்கே நிறம் எவ்வளவு முரட்டுத்தனமான அளவுகோல் என்பதும் வெளிப்படுகிறது. டிமானிக் என்ற அடைமொழியின் பெருக்குத்தொகை 1.265, காட்லியுடையது சுமார் 1.45, லெஜண்டரியுடையது 1.76. மூன்றுமே இரண்டு படி ஏற்றம்தான். பெயரைப் படிக்காமல் நிறத்தை மட்டும் பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றே. சில சமயம் நிறம் நேர் எதிர்த்திசையிலேயே காட்டும். துணை உயிர்களை அழைக்கும் சம்மனர் ஆயுதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ரூத்லெஸ் என்ற அடைமொழி சேதத்தை 18 விழுக்காடு உயர்த்தி, தள்ளும் விசையை 10 விழுக்காடு குறைக்கிறது, பெருக்குத்தொகை 1.06, ஆகவே ஒரே ஒரு படி ஏற்றம். மிதிக்கல் சேதத்தை 15 விழுக்காடுதான் உயர்த்துகிறது. ஆனால் மானா, வேகம், கிரிட்டிக்கல், தள்ளும் விசை எல்லாவற்றிலும் கொஞ்சம் சேர்ப்பதால் இரண்டு படி ஏற்றம். அழைத்த உயிர் தன் வேகத்தில் தானே தாக்குவதால், தண்டத்தை வீசும் வேகமும் மானா செலவும் அதன் தாக்குதலுக்கு உதவுவதில்லை. சேதமே முக்கியம் என்று கருதும் சம்மனர்கள் அதனால்தான் கீழ்ப்படி நிறத்தில் இருக்கும் ரூத்லெஸைத் தேடிப் பிடிக்கிறார்கள். பெருக்குத்தொகைக்கு எது பயன், எது பயனில்லை என்று தெரியாது.

அணிகலன்களில் கணக்கு எளிது. பாதுகாப்பில் 1, 2, 3 புள்ளிகள் சேர்க்கும் ஹார்ட், கார்டிங், ஆர்மர்ட் ஆகியவை ஒரு படியும், 4 புள்ளிகள் சேர்க்கும் வார்டிங் இரண்டு படியும் ஏற்றும். மெனசிங், லக்கி, க்விக், வயலண்ட் ஆகியவையும் தத்தம் வரிசையின் உச்சம் என்பதால் இரண்டு படி. ஆகவே அணிகலன்களில் மட்டும், இரண்டு படி ஏறியிருக்கிறதா என்று நிறத்தைப் பார்த்தே ‘இனி ரீஃபோர்ஜ் வேண்டாம்’ என்று நிறுத்திக்கொள்ளலாம். நிறம் உண்மையில் உதவும் அபூர்வமான இடம் இது.

அப்படியானால் இந்த எண்ணுக்கு நிறத்தைத் தவிர வேறு வேலையே இல்லையா என்றால், ஒன்று உண்டு. கீழே கிடக்கும் பொருள் எரிகுழம்பில் விழும்போது, அதன் அரிதுநிலை வெள்ளையாக இருந்தால் எரிந்துபோகும். நீலமோ அதற்கு மேலோ ஆனால் தப்பிக்கும். ஹெல்ஸ்டோன், அப்சிடியன், ஃபயர்பிளாசம் போன்ற, இயல்பிலேயே நெருப்போடு உறவுள்ள பொருள்களுக்கு மட்டும் விலக்கு அளித்திருக்கிறார்கள். கைடு என்ற வழிகாட்டிப் பாத்திரத்தின் உருவப்பொம்மை வேறு வகை விலக்கு: அது பாதாளத்தின் எரிகுழம்பில் எரிவதுதான் வால் ஆஃப் ஃபிளெஷை அழைக்கும் வழி. இறந்தால் கையிருப்பு முழுவதும் கொட்டிவிடும் மீடியம்கோர் பாத்திரத்தோடு பாதாளத்தில் சுற்றுபவர்களுக்கு இந்த விதி சின்ன விஷயம் அல்ல. எரிகுழம்புக்குள் இறந்தால் திரும்பிவந்து ஆரஞ்சு நிறக் கோடரியை மீட்கலாம், கட்டுக்கட்டாகக் கொண்டுபோன மரத்தையும் டார்ச்சையும் மீட்க முடியாது.

மைன்கிராஃப்டையும் சேர்த்துக் கேட்பவர்கள் இருப்பதால் சில வரிகள். அங்கே நான்கே நிலைகள்: சாதாரணம் வெள்ளை, அடுத்தது மஞ்சள், பிறகு வெளிர்நீலம், உச்சியில் மெஜந்தா. தேடித் தேடி ஆழத்தில் தோண்டும் வைரம், சாதாரணம் என்ற வெள்ளை நிலையிலேயே இருக்கிறது என்றால் பலர் நம்புவதில்லை. மறுபக்கம், ஒரு மர மண்வாரியில் எந்த மந்திரத்தை ஏற்றினாலும் அதன் பெயர் வெளிர்நீலமாகிவிடும், ஏனெனில் மந்திரம் ஏறிய பொருள் கீழிரண்டு நிலைகளில் இருந்தால் மூன்றாவதுக்கும், மூன்றாவதில் இருந்தால் நான்காவதுக்கும் உயர்த்தப்படுகிறது. எந்த மந்திரம், எத்தனை மந்திரம் என்பதெல்லாம் கணக்கில் இல்லை. எரிகுழம்பிலிருந்து தப்பும் தன்மையும் அங்கே நிறத்தோடு கட்டப்படவில்லை. நெதரைட் பொருள்கள் எரியாதிருப்பது அவற்றுக்கென்று கொடுக்கப்பட்ட தனிப் பண்பு. என் பார்வையில் இது டெர்ரேரியாவின் ஏற்பாட்டைவிடத் தூய்மையானது. ஒரே எண்ணை இரண்டு வேலைக்குப் பயன்படுத்தினால் விதிவிலக்குப் பட்டியல் தேவைப்படும் என்பதற்கு டெர்ரேரியாவின் எரிகுழம்பே சான்று. ஆனால் நிறம் சொல்லும் தகவலின் அளவை எடுத்துக்கொண்டால் டெர்ரேரியாவின் ஏணிதான் அதிகம் பயன்படுகிறது.

டெர்ரேரியாவில் ஒரு குறை உண்மையிலேயே உண்டு. ‘எக்ஸ்பர்ட்’, ‘மாஸ்டர்’ போன்ற தனி வகைகளுக்கு மட்டும் விவரக்குறிப்பில் ஒரு வரி எழுதப்படுகிறது. மற்றப் படிகளின் பெயரோ எண்ணோ திரையில் எங்கும் வருவதில்லை. வெளிர்சிவப்பும் ரோஸும், ரோஸும் வெளிர் ஊதாவும் அருகருகே வைத்தாலும் பிரித்தறியச் சிரமமானவை. போதாததற்கு அந்த எழுத்துகள் மெல்ல மங்கி ஒளிர்ந்துகொண்டே இருக்கும். நிறக்குருடு உள்ளவர்களுக்கு இந்த ஏணி ஏறக்குறைய இல்லாததுபோல்தான். மாட்களை (பிறர் எழுதிச் சேர்க்கும் கூடுதல் நிரல்களை) போட்டு விளையாடினால் சிக்கல் இன்னொரு மடங்கு கூடுகிறது. டிமாட்லோடர் என்ற கருவி வழியாக மாட் எழுதுபவர்கள் தங்களுக்கென்று புதிய அரிதுநிலைகளையும் நிறங்களையும் உருவாக்கலாம், அடைமொழி ஏறும்போது அவை எந்தப் படிக்கு நகர வேண்டும் என்பதையும் தாங்களே விதிக்கலாம். ஆகவே ஊதாவுக்கு மேல் புதிய நிறம் ஒன்றை மாட் போட்ட உலகத்தில் கண்டால், அதன் உயரத்தை அந்த மாட்டின் வரிசைக்குள் வைத்தே அளக்க வேண்டும்.

பெட்டியில் எதை வைத்துக்கொள்வது, எதை விற்பது என்ற நடைமுறைக் கேள்விக்கும் இதிலிருந்தே பதில் கிடைக்கிறது. ஒரு பொருளை எடுத்ததும் அதன் அடைமொழியைப் பாருங்கள். அது ஏற்றிய படிகளை மனத்தில் கழித்துவிட்டு, அடிப்படை நிறம் உங்கள் இப்போதைய கட்டத்துக்கு முந்தியதா பிந்தியதா என்று பாருங்கள். முந்திய கட்டத்து ஆயுதமாக இருந்து, வேறு எதையும் செய்ய அது சேர்மானமாகத் தேவைப்படாவிட்டால் விற்றுவிடலாம். ஆனால் செம்புக் குறுவாளை மட்டும் விற்றுவிடாதீர்கள். விற்றுவிட்டாலும் கவலையில்லை, செம்புக் கட்டிகளைக்கொண்டு பட்டறையில் இன்னொன்றைச் செய்துகொள்ளலாம்.